கேட்கவில்லை என்று குறித்த இடங்கள்

"எந்த அறையில விரிசல்னு போடவே இல்லையேம்மா" என்று தொலைபேசியில் கேட்டவர், ஒரு வீட்டை வாங்கப் போகிறவர். குரலில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது. "வீட்டுல மூணு அறை. மூணுலயும் நானும் என் மனைவியும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டோம். ஒண்ணும் கண்ணுல படல."

ஒற்றக்கா கணினியில் அந்த அறிக்கையைத் திறந்து நான்காம் பக்கத்துக்குப் போனார். 'அறையில் நீளவாக்கில் விரிசல், கவனிக்கத் தக்கது' என்று அவரே தட்டச்சு செய்திருந்தார். பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூல ஒலிப்பதிவைத் தேடி எடுத்தார். ஓவென்ற இரைச்சலுக்கு நடுவில் தம்பியின் குரல் வந்தது. "...ரையில் நீளவாக்கில் விரிசல்." ஐந்தாம் தடவை கேட்டபோதுதான் அந்த இரைச்சலுக்குள் ஒரு 'த' பதுங்கியிருப்பது தெரிந்தது. அறையில் இல்லை, தரையில்.

இருபத்திரண்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவருக்கு இது சாதாரண அவமானம் இல்லை. ஓர் ஒற்று விடுபட்டால்கூடச் சிவப்பு மையைத் தொட்டுவிடுவார் என்பதால்தான் அங்கே அவருக்கு ஒற்றக்கா என்று பெயர் வந்தது. முதலாளியிலிருந்து காகிதம் இறக்குகிறவர் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியதும் உண்டு.

ஆறு வருஷத்துக்கு முன் தம்பி தனியாகத் தொழில் தொடங்கியபோது அவரைக் கூட்டிக்கொண்டான். தம்பி கட்டடப் பொறியாளன். வீடு வாங்க நினைப்பவர்களுக்காக அந்த வீட்டைச் சுவர் சுவராகப் பார்த்து, எது சரி, எது கோளாறு என்று எழுதித் தருவது அவன் வேலை. பார்ப்பது அவன், எழுதுவது அக்கா. நடுவில் இருந்தது ஒரு கைபேசி. வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது காரை ஓட்டிக்கொண்டே அவன் வாயால் அறிக்கையைச் சொல்லிக்கொண்டு வருவான். கைபேசி அதைப் பதிந்துகொள்ளும். மறுநாள் காலை இரண்டாம் மாடியில் இருந்த அவர்களுடைய அலுவலகத்தில் ஒற்றக்கா அதைக் கேட்டுத் தட்டச்சு செய்வார்.

"மேசைக்கு முன்னால உட்கார்ந்து சொல்லேன்டா" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

"உட்கார்ந்தா வராதுக்கா. வண்டி நகர்ந்தாத்தான் வீடு கண்ணு முன்னாடி வருது."

சட்டைக் காலரில் குத்தும் சின்ன ஒலிவாங்கி ஒன்றும் வாங்கிப் பார்த்தார்கள். அதில் இரைச்சலோடு சட்டை உரசுகிற சத்தமும் சேர்ந்து கேட்டது. ஆகவே ஒற்றக்கா தன் வழியைப் பார்த்துக்கொண்டார். விளங்காத இடங்களில் வரைவில் 'கேட்கவில்லை' என்று குறித்து வைப்பார். சாயங்காலம் தம்பி வந்து அந்த இடங்களை நிரப்புவான், முணுமுணுத்துக்கொண்டே. ஒரு வீட்டுக்குப் பதினேழு 'கேட்கவில்லை' என்பது சாதாரணக் கணக்கு.

அன்று சாயங்காலம் அவனிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"இந்த ஓன்னு ஒரு சத்தம் வருதே, இது என்னது? இன்ஜினா?"

"இல்லக்கா, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. டயரா இருக்கும். தேஞ்சு போச்சு, மாத்தணும்னு சர்வீஸ்ல சொல்லிட்டே இருக்காங்க. சனிக்கிழமை போலாம்னு இருந்தேன்."

"அது ஏன் ஒரே சத்தமா இல்ல? பாலத்துல வேற மாதிரி கேக்குது. ஆஸ்பத்திரி தாண்டினதும் ஸ்ஸுன்னு ஆயிடுது. அப்புறம் குவாரி ரோட்டுல மறுபடியும் ஓன்னு வருது."

தம்பி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நான் எந்த ரோட்டுல வந்தேன்னு சத்தத்தை வச்சே சொல்லிடுவியா?"

"ஆறு வருஷமா அதைத்தானே கேக்கறேன். உன் பேச்சைக் கேட்டதைவிட உன் டயரைத்தான் அதிகம் கேட்டிருக்கேன். சனிக்கிழமை நானும் வர்றேன்."

டயர்க்கடை என்றால் கரியும் அழுக்குமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பழைய சேலை உடுத்திப் போனார் ஒற்றக்கா. கடை பளிச்சென்று இருந்தது. புது ரப்பரின் வாசனை, திறந்தவுடன் வரும் புதுப் புத்தகத்தின் வாசனையைப் போலவே தலைக்கேறியது. கடைக்காரர் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி போட்டவர், ஒற்றக்காவின் வயதுதான் இருக்கும். தம்பி டயரின் அளவைச் சொல்லி, "ரொம்ப நாள் உழைக்கிறதா நாலு குடுங்க" என்றான்.

"சத்தம் போடாததா" என்றார் ஒற்றக்கா.

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே டயர்ல முழுசா கிடைக்காதும்மா. என்ன சத்தம் வருது? வண்டியை ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம். கொண்டு வந்திருக்கேன்" என்று ஒற்றக்கா கைப்பையிலிருந்து ஹெட்போனை எடுத்தார்.

கடைக்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அதை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு, மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே தம்பியின் குரல் ஏதோ வீட்டின் மொட்டைமாடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கடைக்காரர் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"முப்பது வருஷமா இந்தக் கடை நடத்தறேன். சத்தத்தை எடுத்துட்டு வந்த ஆள் நீங்கதாம்மா முதல்ல. சார், டயரை முன்பின்னா மாத்திப் போட்டு எவ்வளவு நாளாச்சு?"

தம்பி தலையைச் சொறிந்தான். மாத்தவே இல்லை என்பது அதற்கு அர்த்தம்.

வண்டியைத் தூக்கச் சொல்லி, பின் சக்கரத்தின் மேல் ஒற்றக்காவின் உள்ளங்கையை வைக்கச் சொன்னார் கடைக்காரர். "இப்படித் தடவுங்க." வழுவழுவென்று போயிற்று. "இப்போ எதிர்ப்பக்கமா." ரம்பத்தின் மேல் கை வைத்தது போல், டயரின் மேல் வெட்டியிருந்த ஒவ்வொரு ரப்பர் கட்டையும் விரலில் தட்டிற்று. ஒற்றக்கா சட்டென்று கையை எடுத்துவிட்டு, மறுபடியும் தடவினார். கண்ணுக்கு எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரிந்தது.

"கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டையும் ஒரு பக்கம் தேஞ்சு, ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. சக்கரம் சுத்தறப்போ ரோட்டை வரிசையா அறைஞ்சுட்டே போகும். நீங்க கேட்ட ஓ அதுதான். அதோட காத்தும் அதிகமா அடிச்சிருக்கீங்க சார். கல்லு மாதிரி இருக்கு."

"காத்து நிறைய இருந்தா வண்டி லேசா ஓடும்னு..."

"ஓடும். குண்டு குழி எல்லாம் நேரா உங்க முதுகுக்கு வரும். எவ்வளவு அடிக்கணும்னு கதவைத் திறந்தா அங்கேயே ஒட்டியிருக்கு பாருங்க."

தம்பி கதவைத் திறந்து, ஆறு வருஷமாகத் தன் கண்ணில் படாத அந்தச் சீட்டைக் குனிந்து படித்தான். சுவரில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவன். ஒற்றக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

கடைக்காரர் மூன்று டயர்களை உருட்டி வந்து வரிசையாகச் சாய்த்து வைத்தார். முதலாவது உழைக்கிற டயர், ரப்பர் கெட்டி. இரண்டாவது எரிபொருள் மிச்சம் பிடிப்பது, எடை குறைவு, சத்தம் சுமார். மூன்றாவது மெத்தென்ற டயர். பக்கச் சுவர் கொஞ்சம் இளக்கமாக இருக்கும், பள்ளத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். உள்ளே பஞ்சு மாதிரி நுரை ஒட்டிய ஒரு வகையும் உண்டு, ஆனால் அதற்குப் பஞ்சர் போடுவது தலைவேதனை, உங்கள் ரோட்டுக்கு வேண்டாம் என்றார்.

"டயருக்குச் சுவர்னா அதை நான்தான் பார்க்கணும்" என்று தம்பி மூன்றாவது டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். "இளக்கமா இருந்தா திரும்பறப்போ ஆடாதா?"

"பந்தயம் ஓட்டினா தெரியும். நீங்க ஓட்டறதுக்குத் தெரியாது. மழையில நல்லாப் பிடிக்கும். ஆனா முதல் டயர் அளவுக்கு உழைக்காது, அதை இப்பவே சொல்லிடறேன்."

ஒற்றக்கா இதற்குள் மூன்றாவது டயரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். அதன் முகத்தில் வெட்டப்பட்டிருந்த கட்டைகளை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். "இது ஏன் ஒண்ணு போல ஒண்ணு இல்ல? இந்தக் கட்டை நீளமா இருக்கு, அடுத்தது குட்டை, அதுக்கு அடுத்தது நடுத்தரம். தப்பா வார்த்துட்டாங்களா?"

கடைக்காரர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. இந்தக் கேள்விக்காகவே முப்பது வருஷமாகக் காத்திருந்தவர் மாதிரி அவரும் குந்தி உட்கார்ந்தார்.

"தப்பு இல்லம்மா, வேணும்னே செஞ்சது. எல்லாக் கட்டையும் ஒரே அளவா இருந்தா, ரோட்டுல படற சத்தம் எல்லாம் ஒரே சுருதியா சேர்ந்துக்கும். ஊதின மாதிரி கேக்கும். அளவை மாத்தி மாத்தி வச்சா சத்தம் கலைஞ்சு போயிடும். இல்லாமப் போகாது, ஆனா காதுல வந்து உட்காராது."

ஒற்றக்கா யோசித்தார். அச்சகத்தில் ஒரு பக்கத்தின் வரிகளுக்கிடையே வெள்ளை இடைவெளிகள் தற்செயலாக ஒன்றன் கீழ் ஒன்று அமைந்துவிட்டால், பக்கத்தின் நடுவே ஆறு ஓடுவது போலத் தெரியும். படிக்கிறவர் கண் வரியை விட்டுவிட்டு அந்த ஆற்றில் இறங்கிவிடும். ஒரு சொல்லை நகர்த்திப் போட்டு அதைக் கலைப்பார்கள். காதுக்கும் அதே கதைதான் போலிருக்கிறது என்று அவர் சொன்னபோது கடைக்காரர், "அப்படியா? பக்கத்துல ஆறு ஓடுமா?" என்று கேட்டு, மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து வந்து எங்கே காட்டுங்கள் என்றார். இரண்டு பேரும் செய்தித்தாளில் ஆறு தேடிக்கொண்டிருந்தார்கள். தம்பி கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்றாவது டயர்தான் என்று முடிவாயிற்று. நான்கு டயர்களையும் உள்ளேயிருந்து எடுத்து வந்தார்கள். ஒற்றக்கா ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் இருந்த எழுத்துகளை, பழக்க தோஷத்தால், விடாமல் படித்தார்.

"இந்த நாலு இலக்கம் என்ன?"

"அது செஞ்ச தேதி. முதல் ரெண்டு எத்தனையாவது வாரம்னு, அடுத்த ரெண்டு எந்த வருஷம்னு."

"அப்போ இது மட்டும் ஏன் மூணு வருஷம் மூத்ததா இருக்கு?"

கடைக்காரர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தார். உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அடுக்கின் அடியிலிருந்து எடுத்து வந்துவிட்டார்கள். காது மடல் சிவக்க, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டு அவரே உள்ளே போய் வேறு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதன் தேதியையும் ஒற்றக்கா படித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

சக்கரங்களைச் சமன் பார்த்து, நேர்கோட்டில் நிறுத்தி, காற்றை அளவோடு அடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. நேராக வீட்டுக்குப் போகாமல் குவாரி ரோட்டுக்கு விடச் சொன்னார் ஒற்றக்கா. பின் இருக்கையில் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்தார். பொடிக்கல் பெயர்ந்து கிடக்கும் அந்த ரோட்டில் எப்போதும் வரும் ஓ இப்போது வரவில்லை. எங்கோ தூரத்தில் யாரோ பாய் விரிப்பது போல ஒரு சரசரப்பு மட்டும் இருந்தது.

"காது அடைச்ச மாதிரி இருக்குக்கா" என்றான் தம்பி.

"அடைக்கல. இப்போதான் திறந்திருக்கு."

திங்கட்கிழமை வந்த முதல் பதிவில் ஒரே ஒரு இடத்தில்தான் கேட்கவில்லை, அதுவும் லாரி ஒன்று எதிரே போனபோது. ஒற்றக்கா அந்தப் பதிவை வேலைக்கு வேண்டிய அளவைவிட அதிகமாகக் கேட்டார். திரும்புவதற்கு விளக்குப் போட்டால் டிக் டிக்கென்கிறது. தம்பி எண்களைச் சொல்வதற்கு முன் உதட்டை ஈரப்படுத்திக்கொள்கிறான். 'கழிவுநீர்க் குழாய்' என்று சொல்லும்போதெல்லாம் குரலில் ஒரு சலிப்பு. ஆறு வருஷமாக ஒரு திரைக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தவன் திரையை விலக்கிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தது போலிருந்தது.

வாரக் கடைசியில் டயர்க்கடைக்காரர் கூப்பிட்டார், நட்டுகளை ஒரு தடவை முடுக்கிப் பார்க்க வண்டியைக் கொண்டுவரும்படி. "சத்தம் எப்படிம்மா?"

"கேக்க வேண்டியதெல்லாம் கேக்குதுங்க" என்றார் ஒற்றக்கா.

அதற்கு அடுத்த புதன்கிழமை தம்பி தூரத்து ஊர் ஒன்றில் பெரிய வீட்டைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பித் திரும்பியிருந்தான். ஒன்றேகால் மணி நேரப் பயணம். மறுநாள் ஒற்றக்கா அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "மாடியில் கிழக்குப் பக்க அறை. சன்னல் சட்டம்..." என்று சொல்லி நிறுத்தினான். அவர் விரல்கள் விசைப்பலகையின் மேல் காத்திருந்தன. டயரின் மெல்லிய சரசரப்பு. மூச்சு ஒன்று நீளமாக உள்ளே போயிற்று. அப்புறம் அந்த மூச்சும் கேட்கவில்லை. திடீரென்று தடதடதடவென்று ஒரு சத்தம், காருக்கு அடியில் யாரோ உலக்கையால் இடிப்பது போல. உடனே துணி உரசும் ஓசை, வேகமான ஒரு மூச்சு. "சன்னல் சட்டம் சரியாக இருக்கிறது. அடுத்து, தெற்குப் பக்க அறை."

ஒற்றக்கா பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டார். இடைவெளி ஒன்பது விநாடி. அந்தத் தடதடப்பு எது என்று அவருக்குத் தெரியும். நெடுஞ்சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல், வண்டி விலகினால் தெரிவதற்காகச் சின்னச் சின்ன மேடுகள் போட்டிருக்கிறார்கள்.

யோசிக்கிறான் என்று நினைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் முதலில் நினைத்தார். ஆனால் அதே பதிவில் இன்னும் நான்கு இடங்கள் இருந்தன. ஒன்று ஐந்து விநாடி, ஒன்று ஏழு. எல்லாம் சாப்பாட்டுக்குப் பிந்திய முதல் முக்கால் மணி நேரத்தில். எல்லாவற்றிலும் அந்த நீண்ட மூச்சு.

அன்று வேறு எந்த வேலையும் செய்யவில்லை அவர். பழைய பதிவுகளைத் திறந்தார். பழைய வரைவுகளையும் திறந்து, 'கேட்கவில்லை' என்று தான் குறித்த இடங்களை ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டார். இரைச்சல் சொல்லை விழுங்கிவிட்டது என்று நம்பித்தான் அங்கெல்லாம் அப்படிக் குறித்திருந்தார். இப்போது ஒலியைக் கூட்டி, குறைத்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால், பல இடங்களில் விழுங்குவதற்கு அங்கே சொல்லே இருக்கவில்லை. வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. சில விநாடி கழித்து வேறு இடத்திலிருந்து தொடங்கியிருந்தது. சாயங்காலம் அந்த இடங்களை நிரப்பும்போது அவனும் அதைக் கவனிக்கவில்லை. சத்தத்தின் மேல் பழியைப் போட்டு இரண்டு பேரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அப்புறம் தம்பி மனைவியை நூலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவள் அங்கே நூலகர். புத்தக அடுக்குகளுக்கு நடுவிலிருந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"என்ன அண்ணி, இந்த நேரத்துல?"

"ஒண்ணும் பதறாதே. அவன் தூங்கறப்போ எப்படித் தூங்கறான்?"

"குறட்டைதான் அண்ணி. குறட்டை விட்டாக்கூடப் பரவால்ல, நடுவுல நின்னுடுது. மூச்சே இல்லாத மாதிரி இருக்கும். நான் தொட்டு எழுப்பலாம்னு கையை நீட்டறதுக்குள்ள திக்குன்னு இழுத்து விடுவார். டாக்டரைப் பாருங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். எங்கப்பாவும் குறட்டை விட்டார், எண்பது வரைக்கும் இருந்தார்னு கதை சொல்றார். ஏன் கேக்கறீங்க?"

"நாளைக்குச் சொல்றேன். நீ அவன்கிட்ட எதுவும் கேக்காதே."

மறுநாள் தம்பி வந்ததும் அவனை உட்கார வைத்து, ஹெட்போனைக் கொடுத்தார்.

"என்ன, மறுபடியும் டயரா?"

"கேளு."

கேட்டான். ஒன்பது விநாடி போயிற்று. தடதடப்பு வந்தபோது அவன் புருவம் லேசாக ஏறி இறங்கியது. "யோசிச்சிட்டிருந்தேன்க்கா. சட்டத்துல துரு இருந்துதா இல்லையான்னு."

"நீ யோசிக்கறப்போ 'ம்' கொட்டுவே. நாக்கைத் தட்டுவே. எனக்குத் தெரியும். இதுல ரெண்டும் இல்ல. இன்னொரு தடவை கேளு, மூச்சை மட்டும் கேளு."

இரண்டாம் தடவை கேட்டான். மூன்றாம் தடவை அவனே பின்னால் தள்ளிப் போட்டுக் கேட்டான். சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அவன் கட்டைவிரலால் மற்ற விரல்களை வரிசையாக எண்ணுவான். இப்போதும் எண்ணினான்.

"எனக்கு ஞாபகமே இல்லக்கா. கோட்டுல ஏறினது ஞாபகம் இருக்கு. ரோடு மோசம்னு நினைச்சேன். அதுக்கு முன்னாடி..." ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். "எத்தனை இடத்துல இருக்கு?"

"புதுசுல அஞ்சு. பழசுல நான் எண்ணினவரைக்கும் முப்பத்தொண்ணு."

அவன் எழுந்து சன்னலோரம் போய், கீழே நிறுத்தியிருந்த தன் காரைப் பார்த்தபடி நின்றான். "யாரையாவது இடிச்சிருந்தா?" என்றான்.

ஒற்றக்கா எழுந்தார். பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அந்த வாரமே மருத்துவரிடம் போனார்கள், தம்பி, அவன் மனைவி, ஒற்றக்கா மூன்று பேரும். அறையில் இரண்டே நாற்காலி. ஒற்றக்கா நின்றுகொண்டே எல்லாப் பதிவையும் மருத்துவருக்குப் போட்டுக் காட்டினார். மருத்துவர் இளவயதுப் பெண். நோயாளியை விட்டுவிட்டு ஒற்றக்காவிடமே பாதிக் கேள்விகளைக் கேட்டார். ஒரு ராத்திரி படுக்க வைத்துத் தூக்கத்தைச் சோதித்தார்கள். மறுநாள் மூன்று பேரும் மறுபடியும் போனபோது, மணிக்கு இருபத்தெட்டுத் தடவை தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது என்று தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கியும் தூங்காதவன் மாதிரித்தான் அவன் பகலில் நடமாடியிருக்கிறான். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குவதற்கு, தொண்டை அடைக்காமல் குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் ஒரு கருவி எழுதிக் கொடுத்தார். அது பழகி, மறுபடியும் சோதித்துப் பார்க்கும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்றார்.

கிளம்பும்போது ஒற்றக்கா வாசலில் நின்றார். சில நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட வேண்டும்.

"டாக்டர், நான்தான் சத்தமில்லாத டயர் போடச் சொன்னேன். அந்தச் சத்தம்தான் இவனை இத்தனை நாள் முழிக்க வச்சிருந்துதோ? நான் கெடுத்துட்டேனா?"

மருத்துவர் சிரிக்கவில்லை. "ஓயாம ஒரே மாதிரி வர்ற சத்தம் யாரையும் முழிக்க வைக்காதும்மா, களைப்பைத்தான் கூட்டும். பழைய டயர்லயும் தூங்கியிருக்கார், நீங்கதானே எண்ணிக் காட்டினீங்க. அப்போ உங்களுக்குக் கேக்கல, இப்போ கேட்டுது. அவ்வளவுதான்."

படி இறங்கும்போது தம்பி மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே வந்ததும் கணவனைப் பார்த்து, "எங்கப்பா எண்பது வரைக்கும் இருந்தார்னு இனிமே யாராவது சொன்னா தெரியும் சேதி" என்றாள்.

வேலை நிற்க முடியாது, வீடுகள் காத்திருந்தன. ஒற்றக்காவுக்கு நன்றாகவே கார் ஓட்ட வரும். தம்பியின் வண்டியை மட்டும் அவர் தொட்டதில்லை, அவன் தொட விட்டதுமில்லை. இப்போது சாவியை எடுத்து நீட்டியவன், முதல் நாள் முழுக்க "கியர், கியர்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டாம் நாள் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வழக்கம்போல் கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு அறிக்கையைச் சொல்லத் தொடங்கினான். "முன்வாசல். படிகள் ஐந்து. மூன்றாவது படியில் ஓரம் உடைந்து..." அதோடு சரி. ஒற்றக்கா திரும்பிப் பார்த்தார். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கைபேசி மடியில் நழுவி விழுந்து, தன் பாட்டுக்குப் பதிந்துகொண்டிருந்தது.

அவர் எழுப்பவில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். புது டயர் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதுகூடத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் தட்டச்சுக்கு உட்கார்ந்தபோது மூன்றாவது படியில் ஓரம் உடைந்ததோடு அறிக்கை நின்றிருந்தது. மிச்சம் நாற்பது நிமிஷமும் மூச்சு. ஒற்றக்கா அதையும் விடாமல் கேட்டார். எங்கே நிற்கிறது, எங்கே திரும்ப வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்து, அந்தத் தாளை மருத்துவருக்கு அனுப்பிவைத்தார்.

கருவி முதல் வாரம் தம்பியைப் படாதபாடு படுத்தியது. யானைத் தும்பிக்கையை மாட்டிக்கொண்டு படுப்பது போலிருக்கிறது என்றான். இரண்டாம் வாரம் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. மூன்றாம் வாரம் ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்கு வந்தவன், "அக்கா, காலையில எழுந்தா இப்படித்தான் இருக்குமா எல்லாருக்கும்?" என்று கேட்டான். ஒற்றக்கா கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு முட்டி வலி சேர்த்து இருக்கும்" என்று சொல்லிச் சமாளித்தார்.

இரண்டு மாதத்தில் மருத்துவர் வண்டி ஓட்ட அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் ஒற்றக்கா மறுபடியும் அறைக்குள் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்ளத் தயாராக இல்லை. ஆறு வருஷமாகக் கைப்பிடிச் சுவர், தூம்பு, நிலைக்கால், பூச்சு என்று தட்டச்சு செய்துகொண்டே இருந்தவர், இந்த இரண்டு மாதத்தில்தான் அவற்றை நேரில் பார்த்திருந்தார். பாதி விஷயங்களைத் தான் வேறு மாதிரி கற்பனை செய்து வைத்திருந்தது தெரிந்தது. மடிக்கணினியோடு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தம்பி ஓட்டிக்கொண்டே சொல்ல, அவர் நேராகத் தட்டச்சு செய்வார். விளங்காவிட்டால் அங்கேயே கேட்டுவிடலாம்.

ஒரு நாள் காலை, ஆளில்லாத வீடு ஒன்றுக்குப் போனார்கள். தம்பி மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒற்றக்கா குளியலறைச் சுவரில் பதித்திருந்த வெள்ளை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை எப்படிடா பார்ப்பே? எல்லாம் ஒரே மாதிரி இருக்கே."

தம்பி பையிலிருந்து ஒரு சின்ன மரச்சுத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "பார்க்கறது இல்ல. தட்டிக்கிட்டே போ. சத்தம் மாறினா நில்லு."

அவர் கதவோரத்திலிருந்து தொடங்கினார். டொக், டொக், டொக். ஒவ்வொரு ஓடாக, ஒவ்வொரு வரிசையாக. குழாய்க்குப் பக்கத்தில் வந்ததும் சத்தம் வேறாக இருந்தது. வெறும் பெட்டியைத் தட்டினாற்போல டொப்பென்றது. அடுத்த ஓட்டைத் தட்டினார், அதுவும் அப்படித்தான். அதற்கு மேலே இருந்ததும் அப்படித்தான். அவர் தம்பியின் பையிலிருந்த சுண்ணாம்புத் துண்டால் மூன்றையும் சுற்றி ஒரு கோடு போட்டார்.

தம்பி வந்து ஒரு தடவை தட்டிப் பார்த்தான். "ஆமா. பின்னாடி காலியா இருக்கு."

"எப்படிக் காலியாச்சு?"

"தண்ணி இறங்கியிருக்கலாம். கலவை சரியாப் பிடிக்காம விட்டிருக்கலாம். பெயர்த்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"பெயர்ப்பாங்களா?"

"வாங்கறவங்க முடிவு பண்ணணும்."

ஒற்றக்கா சுவரோடு காதை வைத்து இன்னொரு தடவை தட்டினார். பிறகு, "மாடியில இன்னொரு குளியலறை இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டே மரச்சுத்தியோடு மாடிப்படி ஏறினார்.